பழைய டிரெய்லர் பாய்மரப் படகு வாங்குவது: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காருக்குப் பின்னால் இழுத்துப்போய், தண்ணீரில் இறக்கி, பகலெல்லாம் பாய் விரித்து ஓட்டிவிட்டு, தோதுப்பட்டால் ஓர் இரவு படகிலேயே தூங்கிவிட்டு வீடு திரும்ப வேண்டும். இந்த ஆசையோடு பழைய படகு தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே திரட்டியிருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், போகப் போகச் சிக்கலானவை.

1. டிரெய்லர் பாய்மரப் படகுன்னு தனியா சொல்றாங்களே, அப்படி என்ன வித்தியாசம்?

ஒரு கார் இழுக்கிற எடைக்குள் இருக்கும். கிரேன் இல்லாமல் வீட்டு ஆட்களே பாய்மரத்தை நிமிர்த்தி இறக்கலாம். அடியில் தண்ணீருக்குள் நீண்டு படகை நிலைப்படுத்தும் கீல் (மீனவர் வழக்கில் ஏரா) மேலே மடங்கும், அல்லது ஆழம் குறைவாக இருக்கும். அதனால் சாய்தளத்திலிருந்தே படகை மிதக்கவிடலாம். நீளம் பெரும்பாலும் 15 முதல் 26 அடி. அகலம் 2.5 மீட்டரை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் அதற்கு மேல் போனால் பல நாடுகளில் சாலையில் இழுத்துச் செல்லத் தனி அனுமதி வேண்டும்.

இந்த வகைப் படகுகள் ஃபைபர்கிளாஸில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட காலம் 1970-களும் 80-களும். 1969-இல் தொடங்கிய கேட்டலினா 22 என்ற ஒரே மாடல் மட்டும் 15,000-க்கும் மேல் கட்டப்பட்டது. அதனால் விற்பனைக்கு வரும் படகுக்கு 30, 40 வயது ஆகியிருப்பது சகஜம். வயதைக் கேட்டு மிரள வேண்டாம். இத்தனை வருடம் அது எங்கே நின்றது, மூடி நின்றதா, திறந்து நின்றதா என்று கேளுங்கள்.

2. நாங்க நாலு பேரு, பசங்க ரெண்டு பேரும் சின்னவங்க. எத்தனை அடி பார்க்கலாம்?

பகல் பயணம் மட்டும் என்றால் 17 முதல் 19 அடி போதும். மாதத்தில் ஓர் இரவாவது தங்குவீர்கள் என்றால் 20 முதல் 22 அடிக்குள் தேடுங்கள். 25, 26 அடியில் இடம் கூடும். கூடவே எடை, பாய்மரத்தின் நீளம், கரையில் ஆகும் நேரம் எல்லாமே கூடும். முதல் படகாக 22 அடிக்கு மேல் போவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

விளம்பரத்தில் ‘ஐந்து பேர் படுக்கலாம்’ என்று இருக்கும். மொத்தக் குடும்பத்தையும் கூட்டிப்போய் உள்ளே படுக்க வைத்துப் பாருங்கள். அணியத்தில் (படகின் முன்முனையில்) உள்ள முக்கோணப் படுக்கை தலைமாட்டில் அகலமாக இருக்கும், கால்மாட்டில் ஒரு முழத்துக்குச் சுருங்கிவிடும்; பெரியவர் இருவர் படுத்தால் நான்கு பாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். காக்பிட்டுக்கு (படகோட்டுகிறவர்கள் உட்காரும் திறந்த பகுதிக்கு) அடியில் நுழைந்து படுக்கும் பக்கவாட்டுப் படுக்கை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; தோள் அகன்றவரால் அதில் புரள முடியாது. வாசல் பலகையைப் போட்டு மூடிக்கொண்டு பத்து நிமிடம் எல்லோரும் உள்ளே இருங்கள். மழை பிடித்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கப் போகிறீர்கள்.

பகலெல்லாம் கழியப்போவது காக்பிட்டில். அங்கே இருக்கை 1.8 மீட்டர் நீளமாவது இருந்தால்தான் நால்வர் முழங்கால் முட்டாமல் உட்காரலாம். கேபின் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் காக்பிட்டைக் குறுக்கிய மாடல்கள் உண்டு. குடும்பத்துக்கு அவை தோதுப்படாது.

3. என் கார் 1,500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கு. படகு 1,000 கிலோதான். தாராளமா இழுக்குமில்ல?

வரம்பைத் தாண்டிவிடும். 1,000 கிலோ என்று ஏட்டில் இருப்பது வெறும் படகு. மீதியைக் கூட்டிப் பாருங்கள்: டிரெய்லர் 350, மோட்டார் 25, பெட்ரோல் 15, பேட்டரி 20, நங்கூரமும் சங்கிலியும் 12, குடிநீர் 40, பாய் மெத்தை கயிறெல்லாம் 60, துணிமணி சாப்பாடு பாத்திரம் 60. மொத்தம் 1,582 கிலோ. காரின் வரம்பில் 80, 85 சதவீதத்துக்குள் நிற்பதே நல்லது. மேட்டிலும், ஈரச் சாய்தளத்திலிருந்து மேலே இழுக்கும்போதும் அந்த மிச்சம் தேவைப்படும். முன்சக்கரம் உந்தும் கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சாய்தளத்தில் எடை பின்னால் சாய, முன்சக்கரம் பாசியில் சுழலும்.

முடிந்தால் படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றச் சொல்லுங்கள். கணக்கைவிட 100, 150 கிலோ கூடுதலாகக் காட்டினால், மிதப்புக்காக உள்ளே அடைத்த நுரையிலோ தளத்தின் நடுப்பலகையிலோ தண்ணீர் ஊறியிருக்கலாம்.

கொக்கியில் இறங்கும் எடை மொத்தத்தில் 7 முதல் 10 சதவீதம் இருக்கட்டும். 1,500 கிலோவுக்கு 105 முதல் 150 கிலோ. உங்கள் கார் கொக்கியின் சொந்த வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தால் வேகம் எடுத்ததும் டிரெய்லர் பாம்பு போல நெளியும். மோட்டார், பெட்ரோல் டப்பா, பேட்டரி மூன்றும் படகின் பின்புறத்திலேயே இருப்பதுதான் வழக்கமான காரணம். இழுக்கும்போது அவற்றை முன்னுக்கு நகர்த்துங்கள்.

4. கீல்ல ஃபிக்ஸட், ஸ்விங், சென்டர்போர்டு, வாட்டர் பாலாஸ்ட்னு என்னென்னமோ சொல்றாங்க. எது நல்லது?

அசையாத குட்டைக் கீலில் பழுதாக எதுவும் இல்லை. அரை மீட்டர் தண்ணீர் போதும். ஆனால் படகு டிரெய்லரில் உயரமாக உட்காரும், மிதக்கவிட டிரெய்லர் ஆழமாக இறங்க வேண்டும், பல இடங்களில் இழுப்புக் கம்பியை நீட்டித்தான் இறக்க முடியும். காற்றை எதிர்த்து ஏறுவதிலும் கொஞ்சம் சுணக்கம்.

ஸ்விங் கீல் என்பது அச்சில் தொங்கும் 200, 250 கிலோ வார்ப்பிரும்பு. வின்ச்சை (கம்பியைச் சுற்றி இழுக்கும் கைப்பொறியை) சுற்றினால் பின்னோக்கி மடங்கி மேலே வரும். கேட்டலினா 22-இல் இறக்கினால் ஏறக்குறைய 1.5 மீட்டர், ஏற்றினால் 0.6 மீட்டர். தரை தட்டினால் பெரும்பாலும் தானே மேலெழும். பராமரிப்பு வேலை அதிகம். பழைய படகில் என்ன பார்ப்பது என்பதை 8-ஆம் கேள்வியில் சொல்கிறோம். நேராக மேலே தூக்கும் கீல் தரை தட்டினால் மடங்காது. மோதல் முழுவதும் அதன் கூட்டில் இறங்கும். அந்த வகை என்றால் கூட்டின் முன், பின் ஓரங்களில் விரிசல் தேடுங்கள்.

சென்டர்போர்டில் எடை படகின் அடியிலேயே இருக்கும், கீழே இறங்குவது லேசான பலகை மட்டும். கரையை ஒட்டியே போகும் குடும்பத்துக்கு எங்கள் முதல் தேர்வு இது, அல்லது ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்ட ஸ்விங் கீல். வாட்டர் பாலாஸ்ட், அதாவது எடைக்காக அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்பும் முறை, அடுத்த கேள்வியில்.

5. வாட்டர் பாலாஸ்ட் ஆபத்துன்னு சிலர் பயமுறுத்துறாங்க. உண்மையா?

தொட்டி நிறைந்திருக்கும்வரை பயமில்லை. மெக்ரெகர் 26 போன்ற படகுகள் அடித்தொட்டியில் 500 கிலோவுக்கு மேல் தண்ணீர் ஏற்றிக்கொள்ளும். கரையேறும்போது அதைத் திறந்துவிட்டால் இழுக்கும் எடை அந்த அளவு குறையும். 26 அடிப் படகை நடுத்தரக் காரே இழுப்பது இப்படித்தான்.

ஆபத்து இரண்டு நிலைகளில். தொட்டி காலியாக இருக்கும்போது பாய் விரிப்பதும், தளத்தின் மேல் ஆட்கள் கூடி நிற்பதும் படகைக் கவிழ்த்துவிடும், அது மீண்டு நிமிரவும் நிமிராது. பாதி நிறைந்த தொட்டி இன்னும் நயவஞ்சகமானது: படகு சாயும் பக்கமே தண்ணீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும். காற்றுத் துளையின் மூடியைத் திறந்து, நீர் விளிம்புவரை நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பாயைத் தொட வேண்டும். வாங்கும்போது வால்வின் ரப்பரையும் மூடியின் ரப்பரையும் பாருங்கள். நிரப்பி அரை மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் அந்த ரப்பர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

6. பாய்மரம் நிமிர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? விக்கிறவர் அரை மணி நேரம்ங்கிறார்.

பழகிய கைகள் இரண்டு ஜோடி இருந்தால் 20, 22 அடிப் படகை வந்து நிறுத்தியதிலிருந்து தண்ணீரில் மிதக்கும்வரை ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு முதல் சில தடவை இரண்டு மணி நேரம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வருடத்தில் எத்தனை நாள் படகு தண்ணீரைப் பார்க்கும் என்பதை இந்த நேரம்தான் முடிவு செய்யும். நேரம் நீண்டால், ஒருநாள் பயணத்தில் பாதி நாள் கரையிலேயே தீரும், பிள்ளைகள் சலித்துப்போவார்கள். ஆகவே விற்பவரிடம், ‘நாங்கள் பார்க்க நீங்களே ஒருமுறை நிமிர்த்திக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எந்தப் பொருள் எங்கே மாட்டும் என்பதும் அப்போதே விளங்கும், காணாமல் போன கொக்கிகளும் வெளியே வரும்.

நிமிர்த்தத் துணைக்கழி இருக்கிறதா என்று பாருங்கள். பாய்மரத்தின் அடியில், மரத்துக்குச் செங்கோணத்தில் முன்னோக்கி நிற்கும் இரண்டு மீட்டர் குழாய் அது. அதன் நுனி வழியாகக் கயிற்றை இழுத்தால் 7, 8 மீட்டர் மரம் கையடக்கமாக மேலேறும். அது இல்லாமல் தோளால் தூக்கும்போது மரம் பக்கவாட்டில் சரிந்தால் அடித்தாங்கியின் மடங்குமுனை பிய்ந்துவிடும். மேலே ஏறும்போது, மரத்தை இருபுறமும் பிடித்து நிறுத்தும் பக்கக் கம்பிகள் ஜன்னல் விளிம்பிலோ ஏணியிலோ சிக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தனியாக நிற்கட்டும்.

நிமிர்த்துவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் படகைத் தொட்டுக்கொண்டிருப்பவர் உயிர் போகும். நிமிர்த்தும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, அங்கிருந்து தண்ணீர்வரை நகரும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும்.

7. படகு பார்க்கப் பளபளன்னு இருக்கு. எதை முதல்ல சோதிக்கணும்?

மேல்தளத்தை. பளபளப்பு ஒரு நாள் பாலிஷ் வேலை. பல படகுகளின் தளம் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்துச் செய்தது. திருகு இறங்கிய துளை ஒவ்வொன்றும் தண்ணீர் நுழையும் வாசல். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஓரங்குலத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாகப் பேசும். ஊறிய இடம் ‘தொப் தொப்’ என்று மழுங்கும். பிடிகம்பிக் கால்கள், பக்கக் கம்பிகள் தளத்தில் இறங்கும் பட்டைகள், முன் ஜன்னல் விளிம்பு, பாய்மரத்தின் அடி ஆகிய இடங்களில் நிதானமாகத் தட்டுங்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். அமுங்குவது பாதத்துக்குத் தெரியும்.

உள்ளங்கை அளவு ஊறல் ஒன்றிரண்டு இருந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கிச் சரிசெய்யலாம். பாய்மரத்தின் அடியில் தளம் குழிந்திருந்தாலோ, பக்கக் கம்பிப் பட்டைகளைச் சுற்றி ஊறியிருந்தாலோ விட்டுவிடுங்கள். பாய்களின் பாரமெல்லாம் இறங்கும் இடங்கள் அவை. பாய்மரத்துக்கு நேர் கீழே கேபினுக்குள் நிற்கும் தாங்குதூணின் அடியையும் பாருங்கள். தூண் மரமாக இருந்தால் அடி மக்கிப்போய்க் கறுத்திருக்கும்.

படகின் உடலில் கம்பிக்கால் அருகே காணும் சிலந்திவலை விரிசல் பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றுவிடும். நீளமாக ஒரே திசையில் ஓடும் விரிசல் வேறு சேதி. டிரெய்லரின் தாங்குபலகைகள் தொடும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். உடல் உள்வாங்கியிருந்தால் பலகை பொருந்தாத டிரெய்லரில் வருடக்கணக்காக நின்றிருக்கிறது. அடியில் கொப்புளங்கள், நெடுநாள் தண்ணீரிலேயே கட்டிக்கிடந்த படகில்தான் அதிகம் வரும்.

8. ஸ்விங் கீலை டிரெய்லர்ல வச்சே எப்படிப் பார்க்கிறது?

முழுதாகப் பார்க்க முடியாது. படகையே கிரேனின் தூக்குவார்களில் தூக்கிப் பார்க்க முடிந்தால் தூக்குங்கள். இல்லையென்றால் சோதனை ஓட்டத்துக்கு விட்டுவைத்து, இங்கே பார்க்க முடிந்ததைப் பாருங்கள். கீலின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் அச்சு முளையும் அதன் தாங்கிகளும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று தெரியும். கொஞ்சம் ஆட்டம் இயல்பு. ‘லொடக்’ என்று விட்டு விழுந்தால் முளை மாற்ற வேண்டும். வார்ப்பிரும்பில் மேல்துரு பரவாயில்லை. அப்பளமாகப் பெயரும் துரு கெட்டது, ஏனென்றால் துரு தடித்துக் கீல் கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வின்ச்சிலிருந்து கீலுக்குப் போகும் எஃகுக் கம்பி. அது அறுந்தால் 200 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு ஒரே அடியாகக் கீழே வீசி, கூட்டைப் பிளந்துவிடக்கூடும். பழைய துணியால் கம்பியைப் பிடித்து நெடுக இழுங்கள். துணி சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. கீலோடு சேரும் முனையில் துரு வழிந்திருக்கிறதா பாருங்கள். கம்பி படகுக்குள் நுழையும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் படகில் தண்ணீர் ஏறும். கம்பி, கொக்கி, குழாய் எதுவும் பெரிய செலவில்லை. வாங்கிய உடனேயே மூன்றையும் மாற்றிவிடுங்கள். உப்புத்தண்ணீரில் ஓடினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பியை மாற்றுங்கள்.

9. கம்பிகளெல்லாம் எஃகுதானே, அதுல என்ன பார்க்க இருக்கு?

பாய்மரத்தை நிறுத்தி வைத்திருப்பதே அந்தக் கம்பிகள்தான். துணியால் துடைக்கும் சோதனை (8-ஆம் பதில்) இங்கேயும் பொருந்தும். கம்பியை நசுக்கிப் பொருத்திய உலோக முனைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரிழை விரிசல், வாயில் பழுப்புக் கசிவு, அந்த இடத்தில் மடிந்த தடம், மூன்றில் எது இருந்தாலும் அந்தக் கம்பி கழிவு. மடிந்த தடம் டிரெய்லர்ப் படகுகளுக்கே உரிய நோய்: மரத்தை இறக்கிக் கட்டும்போது கம்பிகள் அடியில் சிக்கி மடிகின்றன. முறுக்கி இறுக்கும் திருகுகள் வளைந்திருப்பதும் அதே காரணத்தால்தான்.

எந்தக் கம்பி எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், பத்துப் பதினைந்து வருடம் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு மொத்தமாக மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். பாய்மரத்தைத் தரையில் கிடத்தி நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரியும். எஃகு ரிவெட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் குழி விழுந்திருந்தால் அரிப்பு ஆழமாகப் போயிருக்கிறது.

10. பாய் இன்னும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாரு. எப்படி நம்புறது?

பாயைப் புல்தரையில் விரியுங்கள். துணி மொடமொடவென்று சத்தமிட்டால் உயிர் இருக்கிறது. பழைய பருத்தி வேட்டி போல் துவண்டால் ஆயுள் முடிந்தது. தையல் நூலை நகத்தால் கீறுங்கள். வெயிலில் வெந்த நூல் பொடியாக உதிரும். துணி நன்றாக இருந்து நூல் மட்டும் போயிருந்தால் மறுதையல் போட்டுக்கொள்ளலாம். முன்பாய் சுருள் உருளையில் சுற்றியபடியே வருடக்கணக்கில் நின்றிருந்தால், வெயில் படும் ஓரப்பட்டையை முதலில் பாருங்கள்.

பாய் தொளதொளத்து நடுவில் வயிறு வைத்துவிட்டால் காற்று கூடும்போது படகு அதிகம் சாயும், முன்னேற்றம் குறையும். பிள்ளைகள் பயப்படுவது அந்தச் சாய்வைக் கண்டுதான். பெரிய பாயில் குறைத்துக் கட்டும் வளையங்கள் ஒரு வரிசையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல்காரரிடம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் போடாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

11. மோட்டார் எத்தனை ஹார்ஸ்பவர் வேணும்? பழசு ஓடுமா?

20 முதல் 22 அடிப் படகுக்கு 4 முதல் 6 குதிரைத்திறன் போதும். திறனைவிடத் தண்டின் நீளத்தைக் கவனியுங்கள். 20 அங்குலத் தண்டாவது வேண்டும். பல பாய்மரப் படகுகளுக்கு 25 அங்குலம். குட்டைத் தண்டு என்றால் அலையில் படகின் பின்புறம் எழும்போதெல்லாம் விசிறி காற்றில் சுழலும்.

நீங்கள் போகும் முன் விற்பவர் மோட்டாரைச் சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பச் சொல்லுங்கள். குளிர்நீர் பின்னால் ஒரே சீராகப் பீச்ச வேண்டும். பிசுபிசுத்து வடிந்தால் நீர் இறைக்கும் ரப்பர் விசிறி போயிருக்கிறது, அல்லது உப்பு அடைத்திருக்கிறது. கீழ்ப்பெட்டியின் எண்ணெய்த் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எண்ணெய் பால்கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டு சிலிண்டர் என்றால் அழுத்தத்தில் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

12. டிரெய்லர் சும்மா சக்கரம் வச்ச சட்டம்தானே?

நடுவழியில் குடும்பத்தை நிறுத்துவது பெரும்பாலும் படகு இல்லை, டிரெய்லர்தான். சட்டத்தின் அடியில் படுத்துப் பாருங்கள். கால்வனைஸ் செய்யாமல் பெயின்ட் மட்டும் அடித்த சட்டம் உள்ளிருந்து அரிக்கும். சுத்தியலால் தட்டினால் துருச் செதில் கொட்டும். வில்பட்டைகளும் அவற்றைப் பிடிக்கும் வளையத் திருகுகளும் முதலில் போகும்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றுங்கள். கரகரத்தாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. கெடுவதற்கு ஒரு பழக்கம் காரணம்: நெடுந்தூரம் இழுத்து வந்து, சக்கரக்குடம் சூடாக இருக்கும்போதே தண்ணீரில் இறக்குவது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பாய்மரம் நிமிர்த்தும் நேரம் குடம் ஆறட்டும். பயணம் தொடங்கி 20 நிமிடத்தில் நிறுத்திக் குடத்தைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கையை வைத்திருக்க முடியாத சூடு சரியில்லை.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேயாமலே கிழடாகும்; ஆறேழு வருடம் தாண்டினால் பூ புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். உதிரிச் சக்கரம் இருக்கிறதா, அதே திருகு அளவா என்றும் பாருங்கள்.

13. கேபின்ல ஒரு மாதிரி நாத்தம். மெத்தை மாத்தினா போயிடுமா?

கசிவை நிறுத்தாமல் மெத்தை மாற்றினால் புதிய மெத்தையும் நாறும். உள்ளே ஒருவர் விளக்கோடு உட்கார, வெளியே ஒருவர் ஜன்னல், பக்கக் கம்பிப் பட்டைகள், மேல்மூடி என்று ஒவ்வொன்றாகக் குழாயால் ஐந்து நிமிடம் நனைக்கட்டும். கீழிருந்து மேலாகப் போனால்தான் எது ஒழுகுகிறது என்று பிரித்தறியலாம். ஜன்னல் ஒழுகல் அரைநாள் வேலை. பட்டை வழியாக ஒழுகியிருந்தால் 7-ஆம் பதிலில் சொன்ன தட்டிப் பார்க்கும் சோதனையை அந்த இடத்தில் மறுபடி செய்யுங்கள்.

14. பசங்களோட போறோம். கவிழ்ந்துடுமா?

கீல் எடையுள்ள படகு காற்றில் சாயும், பிறகு தானே நிமிரப் பார்க்கும். கவிழ்வது பெரும்பாலும் பாய்க்கயிற்றை இறுகக் கட்டிப் போட்டுச் சட்டென்று அவிழ்க்க முடியாமல் விட்டதால், அல்லது 5-ஆம் பதிலில் சொன்ன காலித் தொட்டியால். காற்று 12 முதல் 15 நாட் (மணிக்கு 22 முதல் 28 கிலோமீட்டர்) எட்டும்போதே பாயைக் குறைத்துக் கட்டுங்கள். பாய்க்கயிற்றை எப்போதும் ஒரே இழுப்பில் விடுபடும்படி வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஏறினால் கேபின் வாசலின் அடிப்பலகையைப் போட்டுவிடுங்கள்; சாய்ந்த படகு மூழ்குவது அந்த வாசல் வழியாகத்தான்.

ஐரோப்பியச் சந்தைக்காக 1998-க்குப் பின் கட்டிய படகில் வகை எழுத்து பொறித்த தகடு இருக்கும். ‘சி’ என்றால் போஃபோர்ட் காற்று அளவுகோலில் 6, 2 மீட்டர் அலைவரை. ‘டி’ என்றால் காற்று 4, அலை 0.3 மீட்டர், அதாவது மறைவான தண்ணீர் மட்டும். பிள்ளைகளின் மிதவைச் சட்டை அவரவர் எடைக்கானதாகவும் கால்களுக்கு இடையே பட்டை உள்ளதாகவும் இருக்கட்டும். பட்டை இல்லாவிட்டால் தண்ணீரில் சட்டை மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவும். ஏறும் ஏணி தண்ணீருக்குள் இரண்டு மூன்று படியாவது இறங்க வேண்டும், விழுந்தவரே கீழிருந்து இழுத்து விரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

15. ஒரு ராத்திரி தங்க படகுல என்னென்ன இருக்கணும்?

நங்கூரம், கழிவறை, காற்றோட்டம். 20 முதல் 22 அடிப் படகுக்கு 5 கிலோ நங்கூரம், 5 மீட்டர் சங்கிலி, 40 மீட்டர் நைலான் கயிறு. விடவேண்டிய நீளம், ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஏழால் பெருக்கியது: ஆழம் 3, உயரம் 1 என்றால் 28 மீட்டர். குறைத்து விட்டால் இழுப்பு மேல்நோக்கி அமைந்து நங்கூரம் கழன்றுவிடும். கையடக்கக் கழிவறை 10 முதல் 20 லிட்டர். அதற்கு மறைப்பு உண்டா என்பதையும் 2-ஆம் பதிலில் சொன்ன பத்து நிமிடத்தில் பார்த்துவிடுங்கள்.

சமையலைக் காக்பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும். உள்ளே எந்த அடுப்பும் எரியும்போது மேல்மூடி திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

16. ஒருத்தர் படகைச் சும்மாவே தர்றேங்கிறார். எடுத்துக்கலாமா?

எட்டாம் பதிலிலிருந்து பன்னிரண்டாம் பதில்வரை வரிசையாக எழுதி, மாற்ற வேண்டியதற்கெல்லாம் விலை போட்டுக் கூட்டுங்கள். கம்பிகள் முழுவதும், இரண்டு பாய், ஒரு மோட்டார், டிரெய்லர் என்று வந்துவிட்டால், ஓடும் நிலையில் உள்ள படகை வாங்கும் பணத்தைத் தாண்டியிருக்கும். டிரெய்லர் இல்லாத இலவசப் படகு பெரும்பாலும் நஷ்டம், ஏனென்றால் அந்த உடலுக்குப் பொருந்தும் டிரெய்லர் தேடுவது தனி வேட்டை.

காசு கொடுத்து வாங்கும் படகுக்கும், விலையில் கால்பங்கை முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். டயரும் பேரிங்கும் முதலில், பிறகு கீல் கம்பி, பாய்மரக் கம்பிகள், அதன்பின் மோட்டார். பாய் காத்திருக்கலாம். மெத்தை உறை கடைசி.

17. காகிதமெல்லாம் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

படகுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று, சில இடங்களில் மோட்டாருக்கும் ஒன்று எனத் தனித்தனி ஆவணம் இருக்கும். படகின் பின்பலகையில் வலப்பக்கம் பொறித்த உடல் எண்ணை ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டிய படகுகளில் அது 12 எழுத்து. அதற்கு முந்தைய படகில் இல்லாதது குற்றமில்லை. எண் சுரண்டப்பட்டிருந்தாலோ அதன்மேல் புதுப்பூச்சு இருந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். கடன் பாக்கி இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

18. ரெண்டு படகு பிடிச்சிருக்கு. 25 அடி, உள்ளே வீடு மாதிரி. இன்னொன்னு 20 அடி, சாதாரணம். ரெண்டும் ஒரே விலை. எது?

இரண்டின் பாய்மரத்தையும் நீங்களும் உங்கள் துணையும் மட்டும் நிமிர்த்திப் பாருங்கள்; விற்பவர் கை வைக்க வேண்டாம். 3-ஆம் பதிலின் கணக்கை இரண்டுக்கும் போடுங்கள். 25 அடி உங்கள் காரின் வரம்புக்குள் வந்து, நிமிர்த்தும் நேரம் 20 அடியைவிட அரை மணிக்கு மேல் கூடாமலும் இருந்தால், அதை எடுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் 20 அடியை எடுங்கள். தண்ணீரிலேயே வருடம் முழுவதும் கட்டிவைக்க இடம் கிடைத்துவிட்டால் இந்தக் கணக்கு மாறும். அப்போது 7-ஆம் பதிலில் சொன்ன கொப்புளத்தையும், அடிப்பூச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

19. சோதனை ஓட்டத்துக்கு விக்கிறவர் ஒத்துக்கல. கரையிலேயே பார்த்து வாங்கலாமா?

காரணத்தைக் கேளுங்கள். பருவம் முடிந்து படகு மூடிக் கிடக்கிறது என்றால் நியாயம். அப்போது பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, தண்ணீரில் இறங்கிய பிறகு தருவதாக எழுதிக்கொள்ளலாம். மோட்டார் ஓடவில்லை, கீல் இறங்கவில்லை என்று பேச்சுவாக்கில் வந்தால், அந்த இரண்டும் முழுதாகப் பாழ் என்றே வைத்து விலை பேசுங்கள்.

ஒத்துக்கொண்டால் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். கீலை முழுதும் இறக்கி, முழுதும் ஏற்றுங்கள். பாதியில் நின்றால் கூட்டுக்குள் துரு. ஓடும்போது கீல் கம்பி ரீங்காரமிட்டால் இழுவிசை சரியில்லை என்று பொருள், பழுது இல்லை. காற்றை எதிர்த்துப் போகும்போது சுக்கான் பிடியை இரண்டு விரலால் பிடிக்க முடிய வேண்டும்; முழுக்கையால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால், பாய் வயிறு வைத்திருக்கிறது, அல்லது பாய்மரம் பின்னால் அதிகம் சாய்ந்திருக்கிறது. கரைக்கு வந்ததும் சுக்கானைக் கழற்றித் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். கால் மணி கழித்தும் அதன் விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஊறிப்போயிருக்கிறது. புதுச் சுக்கானின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். கடைசியாக, படகின் அடியறையைக் கையால் தடவிப் பாருங்கள். கிளம்பும் முன் உலர்ந்திருந்து இப்போது ஈரமாக இருந்தால், விரலை நக்கி உப்பா நன்னீரா என்று பார்த்தால் கசிவு கடலிலிருந்து வந்ததா, குடிநீர்த் தொட்டியிலிருந்து வந்ததா என்பது தெரிந்துவிடும்.